தொலைந்ததும் புதைத்ததும்

மோட்டாருக்கு காயில் கட்டுவது என் தொழில். பொறையாறு பக்கம் சின்னப் பட்டறை. வோல்டேஜ் ஏறி இறங்கி எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் வேறு மாதிரி அழைப்புகளும் சேர்ந்துகொள்ளும். சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற நேரம் அது. “அண்ணே, நடவப்போ தங்கச்சி தோடு ஒண்ணு விழுந்துபோச்சு. மெஷினை எடுத்துட்டு வந்து பாக்க முடியுமா?” என்று கேட்பார்கள்.

நடவுச் சேற்றில் விழுந்த தோட்டை அன்றைக்கே தேடினால் மிதித்து இன்னும் கீழே இறக்கிவிடுவோம். அதனால் வயல் காயட்டும் என்று சொல்லிவிடுவேன். எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரைக்கும் அந்தப் பெண் நட்டாள், அன்றைக்கு ஆட்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்பதை மட்டும் அப்போதே கேட்டு எழுதி வைப்பேன். பல மாதம் கழித்துப் போய் நின்றால் அந்தக் குறிப்புதான் பாதி வேலையைச் செய்யும்.

மெஷின், சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த மெட்டல் டிடெக்டர். அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் இரண்டு காயில்கள். காயில் கட்டுகிறவன் என்பதால் எனக்கு அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒரு காயிலில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அதற்கென்று ஒரு சிறிய காந்தப்புலமும் உண்டாகும். இரண்டாவது காயில் அதைப் பிடித்துக்கொள்கிறது. செம்பும் வெள்ளியும் பதில் கொடுக்கும் தாமதம் வேறு, இரும்பின் தாமதம் வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் திரையில் எண்ணாகவும் காதில் சத்தமாகவும் தருகிறது. ஒரு காசு அளவுப் பொருள் என்றால் ஒரு சாண் ஆழம் வரைக்கும் நம்பலாம்; அதற்குக் கீழே சந்தேகம்தான்.

சின்னத் தோடும் பான் மசாலா பாக்கெட்டின் உள்தகடும் மாத்திரை அட்டையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் தோடும் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆகவேண்டும். தரங்கம்பாடிக் கடற்கரை இன்னும் கஷ்டம். இரும்புத் தாது கலந்த கருமணலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து, ஒன்றுமே இல்லாத இடத்திலும் மெஷினைக் கத்த வைக்கும். அங்கே ஒவ்வொரு பத்து அடிக்கும் மண்ணுக்கு ஏற்றபடி மெஷினைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வேலையில் நான் வைத்திருக்கும் ஒரே பிடிவாதம், தொலைந்ததைத் தேடுவேன், புதைத்ததைத் தேட மாட்டேன் என்பது. தொலைந்த பொருள் யாரோ கை தவறவிட்டது. புதைத்த பொருள் யாரோ யோசித்து, பயந்து, நம்பி வைத்தது. நம் டெல்டா முழுக்க இரண்டாவது வகை நிறைய இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கிப் பல ஆண்டுகளில் முந்நூற்றைம்பது அளவில் பௌத்த செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. அவற்றில் நிறைய சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2020இல் திருவானைக்காவல் கோயிலில் ஒரு பாத்திரம் நிறைய 505 தங்கக் காசுகள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளியே வந்தன. மூன்றுமே யாரும் மெஷின் வைத்துத் தேடிப்போய் எடுத்தவை இல்லை. வேறு வேலைக்கு மண்ணைத் தொட்டபோது கிடைத்தவை.

அதனால் கோயில் இடம், குளக்கரை மண்டபம், திடல் என்று யார் கூப்பிட்டாலும் போவதில்லை. வயலுக்கு நடுவே மேடாக நிற்கும் திடலில் கருப்பு சிவப்புப் பானை ஓடு காலில் தட்டுப்பட்டால் மெஷினை அணைத்துவிடுவேன். பழங்காலத்தில் ஆட்கள் குடியிருந்த இடம் அது, மண் அடுக்கடுக்காக இருக்கும். பூம்புகார் பக்கம் கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை வந்தது. அடுக்கு கலையாமல் இருந்தால்தான் அப்படி ஒன்றின் காலத்தைச் சரியாகப் பேச முடியும். அதே இடத்தில் என்னைப் போல ஒருவன் முன்னாலேயே போய் ஆங்காங்கே குழி போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம். சட்டமே இல்லாவிட்டாலும் நான் போக மாட்டேன்.

சரி, வயலில் தோடு தேடும்போது தோடு மட்டுமா வரும்? பெரும்பாலும் இரும்பு. கூண்டுச் சக்கரத்தின் போல்ட், அறுவடை மெஷினின் பல், உடைந்த கொழு முனை, வண்டிக் கடையாணி. அடிக்கடி வருவது மாட்டு லாடம். பையன்கள் அதை உடைந்த குதிரை லாடம் என்பார்கள். மாட்டுக் குளம்பு பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. ஒவ்வொன்றும் பிறை மாதிரி, ஒரு ஓரத்தில் ஆணித் துளைகளோடு இருக்கும். உடைந்ததில்லை, அதன் முழு உருவமே அதுதான். ஓட்டைக் காலணாவும் வரும், 1943க்கும் 1947க்கும் இடையில் அடித்தது. போல்ட்டுக்கு வாஷராக மாட்டிய நிலையிலேயே ஒன்று கிடைத்தது.

கொல்லைப்புறத்தில் ஒரு வீட்டில் வந்த பொருள் ஊரையே குழப்பியது. ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் வளைந்த கொக்கிகள், மேலே கயிறு கட்ட ஒரு காது. துரு ஏறி உப்பிப்போய், பார்க்கவே பயமாக இருந்தது. ஏதோ ஆயுதம் என்று இளைஞர்கள் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். திண்ணையில் இருந்த ஆச்சி கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “பாதாளக் கரண்டிடா அது. கெணத்துல வாளி விழுந்தா இதைக் கட்டித்தான் துழாவுவோம். தெருவுக்கு ஒரு வீட்டுலதான் இருக்கும். ஒரு செம்பை ஈடு வெச்சுட்டு வாங்கிட்டு வரணும், இல்லைன்னா திரும்ப வராது” என்றார்கள். நாற்பது வயதுக்குக் கீழே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அடையாளம் தெரியாத பொருள் கிடைத்தால் நான் முதலில் போவது வயதானவர்கள் இருக்கிற திண்ணைக்குத்தான். இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் வெளிநாட்டுப் பொருள்களைத்தான் காட்டுகிறது. நம் சமையல்கட்டும் மாட்டுக்கொட்டகையும் அதற்குத் தெரியாது.

ஈயம் என்றால் தனிக் கவனம் வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த சின்ன ஈயக் குண்டு, அளவுக்கு மீறிய கனம். கடலோர ஊர்களில் வலைக்குக் கட்டும் ஈயமும் உண்டு, துப்பாக்கிக் குண்டும் உண்டு. இந்தக் கரையில் டேனிஷ்காரர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் துப்பாக்கியோடு திரிந்திருக்கிறார்கள். வலை ஈயத்தில் கயிறு போகத் துளையோ, கயிற்றின் மேல் மடக்கிய மடிப்போ இருக்கும். குண்டில் துளை இராது. இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு நடுவில் மெல்லிசாக ஓடும். எதிலாவது மோதியிருந்தால் ஒரு பக்கம் சப்பையாகியிருக்கும்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பறவை. மயிலாடுதுறைக்கு மேற்கே ஒரு ஊரில், தூர் வாரிய குளத்து மண்ணை வயலில் கொட்டியிருந்தார்கள். அந்த மண்ணில் உள்ளங்கை அளவில் பித்தளையோ வெண்கலமோ, கழுத்தை வளைத்து நிற்கும் ஒரு உருவம். கண்டெடுத்தவர் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். நான் போவதற்குள் கற்பூரம் காட்டியாகிவிட்டது. குளத்துக்குள் முழுக் கோயில் இருக்கிறது, மெஷினை வைத்துப் பாருங்கள் என்று கேட்டார்கள். முதலில் அந்த உருவத்தைக் கொஞ்சம் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பி அடியைப் பார்த்தேன். அடியில் ஒரு தடித்த காம்பு, காம்பைச் சுற்றி மரை.

மரையைப் பார்த்ததும் எனக்கு நாச்சியார்கோவில் ஞாபகம் வந்தது. அங்கே குத்துவிளக்கை ஒரே துண்டாக வார்ப்பதில்லை. அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். உச்சியில் நிற்பது அன்னம். இது அந்த அன்னம். மரையின் பள்ளங்கள் ஒரே சீராக இல்லை. கையால் வெட்டியது என்று பட்டது, ஆகவே பழசாகத்தான் இருக்கும். ஆனால் சாமி இல்லை, விளக்கின் தலை. பெரியவர்களிடம் காட்டி, இந்தப் பள்ளம் எதற்கு என்று விளக்கினேன். ஒருவரும் கோபப்படவில்லை. குங்குமம் வைத்த அம்மா, “விளக்குக்கு வெச்சா என்ன, சாமிக்கு வெச்ச மாதிரிதான்” என்றார். குளத்தில் மெஷினை இறக்கவில்லை. பக்கத்துக் கோயிலில் தலை இல்லாத பழைய விளக்கு ஒன்று இருக்கிறது என்றார்கள். வைத்துப் பார்த்தோம், மரை பொருந்தவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம்.

விசித்திரமான பொருள் எதுவாக இருந்தாலும் அடியையும் முதுகையும் ஓரத்தையும் பாருங்கள். முகப்பைச் செய்தவர் கண்ணுக்காகச் செய்திருப்பார். மற்றதெல்லாம் வேலைக்காக. மரை, காது, துளை, ஒரு பக்கத் தேய்மானம், உடைந்த இடத்தின் நிறம் இவைதான் பேசும்.

காசுகளுக்கு வருகிறேன். தரங்கம்பாடியைச் சுற்றிக் கிடைப்பதில் டேனிஷ் செம்புக் காசு முக்கியம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்பாடு செய்து கோட்டை கட்டியவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை இங்கே காசு அடித்தார்கள். நான் பார்த்தவற்றில் ஒரு பக்கம் கிரீடம். அதன் கீழ் ‘சி’ என்ற எழுத்தும் ஏழு என்ற எண்ணும் பின்னிக்கொண்டிருக்கும், ஏழாம் கிறிஸ்தியான் மன்னரின் அடையாளம். மறுபக்கம் ரோமன் எண்ணில் நான்கு காசு என்ற மதிப்பும் வருடமும். நாகப்பட்டினத்துப் பக்கம் போனால் டச்சுக்காரர் அடித்தது வரும். ஒரு புறம் காளி உருவம், மறுபுறம் தமிழிலேயே ஊர்ப் பெயர். சின்னக் காசு, பாதி எழுத்துதான் விழுந்திருக்கும்.

ராஜராஜன் பெயரில் உள்ள செம்புக் காசை முதலில் பார்க்கிறவர்களுக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியாது. ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் உட்கார்ந்தவர். ஆனால் கை கால் எல்லாம் வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும். உட்கார்ந்தவரின் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று மூன்று வரியில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் காசை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துவிடும்.

அப்படி ஒன்று உறவினர் வயலில் தோடு தேடும்போது வந்தது. உடனே எல்லாருக்கும் ஆசை, இந்த வயலில் சோழர் காலத்து ஊர் இருந்திருக்கும் என்று. நான் பெரியப்பாவிடம் கேட்டேன், “இந்த வயலுக்கு எப்பவாவது வண்டல் அடிச்சீங்களா?” அவர் யோசித்துவிட்டு, தான் இளவட்டமாக இருந்தபோது இரண்டு கோடைக்கு, ஊருக்குக் கிழக்கே இருக்கும் பெரிய குளத்திலிருந்து மாட்டுவண்டியில் வண்டல் கொண்டுவந்து போட்டதைச் சொன்னார். அந்தக் குளத்துக்கு எதிரே பழைய சிவன் கோயில். அப்படியென்றால் காசு வயலின் காசு இல்லை, குளத்தின் காசாக இருக்கலாம்.

டெல்டாவில் இதை மறந்தால் எல்லாமே தப்பாகப் போகும். நம் மண் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆறு கொண்டுவந்து போட்டது பாதி. நாம் அள்ளிப் போட்டது மீதி. குளத்து வண்டல் வயலுக்கு, வயல் மண் செங்கல் காளவாய்க்கு, கொள்ளிடத்து மணல் வீட்டு மனைக்கு. ஒரு பொருள் எங்கே கிடைத்தது என்பதோடு, அந்த மண் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால்தான் பதில் முழுசாகும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். காசு இன்னும் இருநூறு வருஷம் காத்திருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் மெஷினோடு ஒரு நோட்டும் கொண்டுபோகிறேன். வயலின் பெயர், எந்த மூலை, எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம், வண்டல் எங்கிருந்து வந்தது, யார் சொன்னார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுத வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தால் வட்டாட்சியர் வழியாக மேலே போகும். அந்தச் சோழக் காசும் நோட்டுப் பக்கத்தின் நகலோடு அப்படித்தான் போனது. கொடுத்தால் போய்விடுமே என்று சிலர் வருத்தப்படுவார்கள். வீட்டு பீரோவில் இருந்தால் அது ஒரு செம்புத் துண்டு. எங்கே கிடைத்தது என்ற விவரத்தோடு அருங்காட்சியகத்தில் இருந்தால் அந்தக் குளத்தின் வரலாறு.

எல்லாரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் கம்பி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்திருக்கும் கெட்டியான பச்சைப் படலம் அழுக்கு இல்லை. எழுத்து பல சமயம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். கீழே இருக்கும் செம்பு எப்போதோ கரைந்து போயிருக்கும். தேய்த்தால் பளபளப்பு வரும், ராஜராஜன் போய்விடுவார். நம் கடலோர மண்ணில் உப்பு அதிகம் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிர்பச்சையாகப் பொடி உதிர ஆரம்பித்தால் உப்பு உள்ளே இருந்துகொண்டு உலோகத்தைத் தின்கிறது என்று அர்த்தம். அதை ஈரம் படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைத்துச் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். மற்றபடி மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே இருக்கட்டும்.

ஒட்டிய மண்ணுக்கு மரியாதை கொடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது பத்தூர் நடராஜர். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976இல் ஒருவர் கொட்டகை போடத் தோண்டும்போது கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் வரைக்கும் போன திருமேனி. 1982இல் அங்கே போலீஸ் கைப்பற்றியது. இது பத்தூர் சிலைதானா என்று வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. உலோகத்தைப் பற்றி மட்டும் அங்கே விவாதம் நடக்கவில்லை; திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும், பத்தூரில் கிடைத்த மற்றப் பொருள்களில் இருந்தவற்றோடு நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். 1991இல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ஆசையாகக் கழுவித் துடைத்திருந்தால் அந்தச் சாட்சி சாக்கடையில் போயிருக்கும்.

இப்போது என் மேசையில் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டப் பித்தளைத் தகடு, மேலே ஒரு துளை, நடுவில் உளியால் வெட்டிய ‘௧௮’, அதாவது பதினெட்டு. மறுபக்கம் வெறுமை. துளையின் மேல் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது, ஆகவே ரொம்ப நாள் ஏதோ ஒன்றில் தொங்கியிருக்கிறது. செம்பனார்கோவில் போகும் சாலைக்குத் தெற்கே, வண்டல் அடிக்காத வயலில் அரைச் சாண் ஆழத்தில் வந்தது. சத்திரத்துப் பாத்திரத்தின் எண்ணாக இருக்கலாம், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவருக்குக் கொடுத்த வில்லையாக இருக்கலாம், சாவிக் கொத்திலும் தொங்கியிருக்கலாம். அந்த வட்டாரத்தில் பழைய மில் ஒன்றில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். வில்லை கொடுக்கும் வழக்கம் இருந்ததாகப் போனில் சொன்னார். எண்ணைத் தமிழில் வெட்டினார்களா என்பது மட்டும் நேரில் பார்த்தால்தான் ஞாபகம் வரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தகட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை அவர் சொன்னதையும் சேர்த்து எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன்.